ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு ஊர்

அன்பு மகளுக்கு,

மெக்சிகோ நகர ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து இணைய வகுப்பு எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். இரு நாட்டு வகுப்புகள் இணையத்தில் சேர்ந்து படிக்கும் 'காயில்' (COIL) என்கிற இந்த முறைக்கு உங்கள் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இலேயே தனி மையம் தொடங்கியது. வெளிநாடு போக வசதியில்லாத பிள்ளைகளுக்கும் அந்த அனுபவத்தில் ஒரு பங்கு கிடைக்கும். உனக்கும்தான்.

'எங்கள் பண்பாடு, உங்கள் பண்பாடு' என்று மட்டும் தலைப்புக் கொடுத்துவிடாதே. இரு பக்கமும் திருவிழாப் படங்களைக் காட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். எதிர்ப்பக்கத்துத் தகவல் இல்லாமல் முடிக்கவே முடியாத வேலையாகக் கொடு. நீ சுற்றுச்சூழல் பாடம் எடுப்பதால் சொல்கிறேன்: குழாயில் பிடித்த ஒரு டம்ளர் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல். நியூயார்க் நகரத்துக்குக் கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் தானே இறங்கி வருகிறது. மெக்சிகோ நகரமோ மேற்கே உள்ள குட்சமாலா நீர்த்தேக்கங்களின் தண்ணீரை ஆயிரம் மீட்டருக்கு மேல் பம்ப் வைத்து ஏற்றுகிறது. போதாததற்கு நிலத்தடி நீரை உறிஞ்சி, ஊரே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில், ஒரே அளவுகோலில் வரையட்டும். தண்ணீர் தரும் மலைக்காரருக்கு நகரம் என்ன தருகிறது என்ற கேள்வி தானாக வரும். 2004இல் குட்சமாலாப் பகுதி மசாவா பழங்குடிப் பெண்கள் ஏன் போராடினார்கள் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் வாயால் கேட்கட்டும்.

ஆறு வாரம் போதும். முதல் வாரம் அறிமுகத்துக்கே போகட்டும், அவசரப்படாதே. குழுவுக்கு ஆறு பேர், பக்கத்துக்கு மூவர். ஒருவர் நடுவில் நின்றுவிட்டாலும் குழு குலையாது.

நாள் குறிக்கும்போது கவனம். மார்ச் இரண்டாம் ஞாயிறு உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். மெக்சிகோ நகரம் 2022க்குப் பிறகு கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஒரு மணி வித்தியாசம் இரண்டாகி, ஒரு வகுப்பு வீணாகும். உங்கள் வசந்த விடுமுறையும் அவர்களுடைய புனித வார (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) விடுமுறையும் சேர்ந்து வருமென்று நம்பாதே. பிப்ரவரி தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடு.

மதிப்பெண் இன்னும் பெரிய வம்பு. உன் பக்கம் 20 மதிப்பெண், அந்தப் பக்கம் விரும்பினால் செய்யலாம் என்று இருந்தால், பாதிப் பேர் நடுவிலேயே காணாமல் போவார்கள். அதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரவர் மாணவருக்கு அவரவரே மதிப்பெண் போடுங்கள். எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி ஒன்றாக்குங்கள்.

ஆங்கிலத்தில் பேச்சு நடந்தால் உன் பிள்ளைகளே பேசித் தீர்த்துவிடுவார்கள். கூடுமுன் எல்லாரும் நாலு வரி எழுதி அனுப்பட்டும், ஸ்பானியத்திலும் எழுதலாம். பேச்சை அந்த வரிகளிலிருந்து தொடங்கு.

அந்த ஆசிரியையின் பாடத்திட்டம் கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா