டெல்ஃப்ட் நகரில் ஒரு நாளும் எமது கோட்டையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினரின் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் காட்ட என்ன இருக்கின்றது, எல்லாம் இடிந்துபோய்விட்டனவே என்ற பேச்சு ஒவ்வொரு நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் எழுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு பகற்பொழுதைக் கழித்த எனக்கு இந்தப் பேச்சு ஏற்புடையதாக இல்லை.

ஹேக் நகரிலிருந்து புகையிரதத்தில் ஏறினால் கால் மணித்தியாலத்தில் டெல்ஃப்டை அடையலாம். வாய்க்கால்களுக்கு இடையே அமைந்த அப்பழைய நகரை நடந்தே பார்த்துவிடலாம். சந்தைச் சதுக்கத்தில் நகர மண்டபத்துக்கு நேரெதிரே நிற்கும் புதிய தேவாலயத்தின் கோபுரம் ஏறத்தாழ 109 மீற்றர் உயரமானது. பழைய தேவாலயத்தின் கோபுரமோ கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்து நிற்கின்றது. ஓவியர் வெர்மேரும், நுணுக்குக்காட்டியால் நுண்ணுயிர்களைக் கண்டறிந்த லேவன்ஹூக்கும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

ஆயினும் அன்று நான் அதிக நேரம் நின்றது ஒரு வெறுஞ் சுவரின் முன்னால். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக ஒல்லாந்தரை வழிநடத்திய ஒரேஞ்சு இளவரசர் வில்லியம், 1584 ஜூலை 10 ஆம் திகதி, முன்னர் கன்னியர் மடமாக இருந்த தமது இல்லத்தின் படிக்கட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். குண்டு துளைத்த அடையாளங்களைப் பூசி மறைக்காமல், கண்ணாடியிட்டுக் காத்து வைத்திருக்கின்றனர். சுவரில் இருப்பவை சில குழிகள் மட்டுமே. ஆனால் என்ன நடந்தது என்பது அவ்விடத்திலேயே எழுதப்பட்டிருப்பதால், சிறுபிள்ளைகளும் வாசித்துவிட்டு மௌனமாக நிற்கின்றனர். 1654 இல் வெடிமருந்துக் களஞ்சியம் ஒன்று வெடித்து நகரின் பெரும்பகுதி தரைமட்டமானதையும் டெல்ஃப்ட் மக்கள் மறக்கவில்லை. களஞ்சியம் இருந்த இடத்தில் வீடுகள் எழுப்பப்படாமல், அது குதிரைச் சந்தைத் திடலாக விடப்பட்டது.

அதே நகரில் வாய்க்கால் ஓரமாக ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய இல்லமும் உண்டு. அக்கம்பனியின் ஆறு கிளைச் சபைகளுள் ஒன்று டெல்ஃப்டில் இயங்கியது. எமது நெடுந்தீவுக்கு அந்நகரின் பெயரைச் சூட்டியவர்கள் இவர்களே. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, அதனை ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டியவர்களும் இவர்களே. அந்நகரின் செழிப்பில் எமது கடலினதும் மண்ணினதும் பங்கும் இருக்கின்றபடியால், அதனை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு வருவதுடன் எமது அலுவல் முடிந்துவிடாது.

இனி எமது கோட்டைக்கு வருவோம். 1706 இல் சிலுவை வடிவில் அங்கு எழுப்பப்பட்ட தேவாலயம் போர்க் காலத்தில் அழிந்து, இன்று முருகைக்கற் குவியலாகக் கிடக்கின்றது. வருவோரிற் பெரும்பாலானோர் மதிலில் ஏறிக் கடலைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் திரும்பிவிடுகின்றனர். டெல்ஃப்டில் சில குழிகளுக்குக் கிடைக்கும் மதிப்பு இக்கற்குவியலுக்கும் கிடைக்க வேண்டும். தேவாலயத்தின் பழைய ஒளிப்படத்தையும் தரைப்படத்தையும், அது எழுந்த கதையையும் அழிந்த கதையையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அவ்விடத்திலேயே பெரிதாக வைக்கலாம். புதிதாக எதையும் கட்டியெழுப்பத் தேவையில்லை.

அங்கிருந்து, 1981 இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொதுநூலகமும் மணிக்கூட்டுக் கோபுரமும் நடைதூரத்திலேயே உள்ளன. இவற்றை இணைத்து நிழல்மரங்கள், குடிநீர், துப்புரவான மலசலகூடம் என்பவற்றுடன் ஒரு நடைவழியை அமைத்தால், காலைப்பொழுது முழுவதையும் ஒரு குடும்பம் அங்கே பயனுடன் கழிக்கும். நல்லூரில் வரலாற்றுச் சின்னங்களான சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி, மந்திரிமனை ஆகியவற்றுக்கும் அவ்வாறே ஒன்று வேண்டும். மந்திரிமனை இருக்கும் நிலையைப் பார்த்தால், முதலில் அதனைத் தாங்கி நிறுத்துவதே அவசரம்.

தொல்லியல் அதிகாரிகளும் மாநகர சபையும் எமது பல்கலைக்கழக வரலாற்றுத்துறையினரும் ஒன்றாக அமர்ந்து, அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னர் கோட்டைத் தேவாலயத்தின் விளக்கப் பலகைகளையேனும் நிறுவ வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றேன். நெடுந்தீவுப் படகுகளின் நேர அட்டவணையை, குறிகட்டுவான் இறங்குதுறையில் மட்டுமன்றி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலும் மும்மொழிகளில் காட்சிப்படுத்துவதற்கு அவ்வளவு காலமும் தேவைப்படாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.