மைனிக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

அன்புள்ள மைனி,

ஞாயிற்றுக்கிழமை உங்களை வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் கூட்டிப் போவதாக அண்ணன் நேற்று போனில் சொன்னான். மார்புப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகியும் கை தோளுக்கு மேல் எழும்பவில்லையாம், எண்ணெய் போட்டு நல்லா உழிந்தால் சரியாகிவிடுமாம். வேண்டாம் மைனி. உங்கள் நிலையில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். பெயர் போடவில்லை, கோபிக்காதீர்கள்.

ஆசானைக் குறை சொல்லவில்லை. கொல்லாமரத்திலிருந்து விழுந்து தோள் இறங்கியபோது எனக்கு ஏற்றிவிட்டவர் அவர்தான். ஆனால் அது நழுவிய மூட்டு. உங்களுக்கு மார்போடு அக்குளில் இருந்த நிணநீர்க் கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள் (காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதே வகை). கையிலிருந்து நீர் வடிகிற வழி குறைந்துவிட்டது. சூடான எண்ணெயில் அழுத்தி உழிந்தால் கை வீங்கலாம். ஒருமுறை வீங்கிவிட்டால் அதை அடக்கி வைப்பது பெரிய பாடு.

போதாததற்குக் கதிர்வீச்சும் கொடுத்திருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக் கத்தி தடிவரை பாய்ந்த இடத்தில் புதுப்பட்டை எப்படி வரும் என்று அண்ணனிடமே கேளுங்கள். முண்டும் முடிச்சுமாகத்தானே வரும்? தழும்பும் அப்படித்தான், அடியில் இருக்கும் தசையோடு ஒட்டிக்கொள்ளும். கதிர்வீச்சு பட்ட இடம் சிலருக்கு வருஷக்கணக்கில்கூட இறுகிக்கொண்டே போகும். அதனால் சும்மாவும் இருக்கக் கூடாது.

நான் சும்மா இருந்து பார்த்தவள். எனக்கும் இதே ஆபரேஷன்தான், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை மட்டும் இருந்தது, கையை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடியே இருந்தேன். ஒருநாள் துணி காயப்போடக் கையை நீட்டினால், அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் ஏதோ வீணைக்கம்பி மாதிரி விறைத்து நின்றது. நரம்பு போய்விட்டது என்று அழுதேன். அது நரம்பே இல்லை. நிணநீர்க் குழாய்கள் இறுகிக் கயிறு மாதிரி ஆவது என்கிறார்கள், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நிறையப் பேருக்கு வருகிறதாம்.

திருவனந்தபுரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் சேச்சியிடம் போனேன். இரண்டு விரலைத் தழும்பின் மேல் படிய வைத்தார். எண்ணெய் கிடையாது, எண்ணெய் தொட்டால் விரல்தான் வழுக்கும், தோல் நகராது. தோலை மெதுவாக ஒரு பக்கம் தள்ளி, அது நின்ற இடத்தில் தானும் நின்றார். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். இதற்கா ரயிலேறி வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஏதோ இளகி, விரல் ஒரு நெல்லளவு நகர்ந்தது. "பைய, பைய" என்றார். தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதற்கு ஒரே அர்த்தம்.

அப்புறம் வீட்டில் நானே செய்தேன். கண்ணாடி முன் நின்று தழும்பைத் தொடவே நாலு நாள் ஆயிற்று. தினம் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிஷம். பிறகு விரல்களைச் சுவரில் எறும்பு மாதிரி ஏறவிட்டு, எட்டின இடத்தில் பென்சில் கோடு. முதல் கோடு சுவிட்ச் போர்டுக்குக் கீழே. ஓணத்துக்குள் காலண்டர் ஆணியைத் தொட்டுவிட்டேன். வெள்ளையடிக்க வந்தவர் கேட்டதற்குப் பிள்ளைகள் கிறுக்கியது என்று சொல்லிவிட்டேன்.

தடவினால் நோய் பரவும் என்று யாரோ சொன்னார்களாமே, தழும்பை மெதுவாகத் தடவுவதால் பரவாது. புண் முழுசாக ஆறியிருக்க வேண்டும், கதிர்வீச்சில் தோல் உரிகிற இடத்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். வளையல் இறுகினாலோ கை கனத்தாலோ தள்ளிப் போடாமல் காட்டுங்கள். கை சிவந்து சுட்டுக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் தடவிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டர் பார்க்கட்டும்.

புதன்கிழமை உங்களுக்குத் திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் (ஆர்.சி.சி.) செக்கப் இருக்கிறதே, நானும் வருகிறேன். பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்போம். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். காலை வண்டிக்குக் குழித்துறை ஸ்டேஷனில் நிற்பேன். முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், கழற்றி மாட்டச் சிரமம் இருக்காது.