அந்தப் பந்து என்னிடம்தான் இருக்கிறது

ஷெல்டன், கனெக்டிகட்
ஜனவரி 11

ராசா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ இரண்டு தடவை "சரிம்மா" சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். கடிதம் என்றால் எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உன்னை மடியில் வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த மாதிரி ஒரு நாளைக்குத்தானோ என்னவோ.

இந்த மாதக் கடைசியில் எங்கள் விஃபிள் பால் லீக் கேப்டன்கள் கூடுகிறார்கள், அவன் அணியை நீக்கச் சொல்லப் போகிறேன், இன்னும் இரண்டு பேர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று போன வாரம் சொன்னாய். சின்ன வயதிலிருந்து நம் கொல்லையில் உன்னோடு துளை போட்ட அந்தப் பிளாஸ்டிக் பந்தை எறிந்து ஆடிய எதிர்வீட்டுப் பையனைப் பற்றி, கடைக்குப் போய்ப் பால் வாங்கிவரப் போகிறேன் என்று சொல்கிற குரலில் சொன்னாய். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து போய் பின்வாசல் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பனிக்குள் பாதி புதைந்து அப்பா செய்த பலகை இன்னும் கராஜ் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. எறிந்த பந்து ஸ்ட்ரைக்கா, அதாவது அடிக்கிறவனுக்குச் சரியான இடத்தில் வந்ததா இல்லையா என்ற சண்டை தீர வேண்டும் என்று ப்ளைவுட்டில் அறுத்து உங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக அவர் செய்து கொடுத்தது. சண்டை தீரவில்லை. பந்து பலகையில் பட்டதா, விளிம்பில் பட்டதா என்று புதுச் சண்டை வந்தது.

செப்டம்பரில் நடந்த இறுதி ஆட்டத்தை நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். ஸ்கோர் எழுதியதும் நான்தான். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், உங்களுக்கு ஒரு ரன் கூடுதல். அவன் மட்டை பிடித்து நிற்கிறான். நீ எறிந்த பந்து அவன் தோளுக்கு நேராகப் போய்க் கடைசி நிமிஷத்தில் முழங்காலுக்கு விழுந்தது. பலகை டொக்கென்றது. மஞ்சள் மட்டை காற்றை வெட்டியதோடு சரி, அவன் அவுட், ஆட்டம் முடிந்தது. உன் ஆட்கள் ஓடிவருவதற்குள் அவன் உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை கத்தினான்.

"அழுகுணி!"

மிச்சிகனில் அந்த மைதானத்தில் அந்த வார்த்தை தெரிந்தவர்கள் மூன்றே பேர். நீ, அவன், நான். மற்றவர்கள் ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்திருப்பார்கள். அவன் பந்தைக் காட்டச் சொன்னான். நீ ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, ஜெயித்த சந்தோஷத்தில் எறிவதுபோல வேலிக்கு அந்தப் பக்கம் புதருக்குள் எறிந்துவிட்டாய். அதற்கப்புறம் இரண்டு அணியும் நின்று கத்தியது. யாரும் கை கொடுக்கவில்லை. அவன் மட்டும் என்னிடம் வந்து, என் நாற்காலியை மடக்கி உன் கார் டிக்கியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான்.

அந்த வார்த்தையை அவனுக்குக் கொடுத்தவள் நான். உங்களுக்கு எட்டு வயது. மேப்பிள் மரக் கிளையில் பட்டு விழுந்த பந்து ஹோம் ரன்னா இல்லையா என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தீர்கள். நான் சமையலறை ஜன்னலைத் திறந்து "அழுகுணி ஆட்டம் ஆடாதீங்கடா" என்றேன். அப்படியென்றால் என்ன என்று அவன் கேட்டான். அழுதே ஜெயிக்கப் பார்க்கிறவன் என்று நீ விளக்கம் சொன்னாய். அவனுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. அன்றிலிருந்து அந்தக் கொல்லையில் அது சட்டம். அழுகுணி என்று ஒருவன் சொல்லிவிட்டால் அந்தப் பந்தைத் திரும்ப எறிய வேண்டும், கேள்வி கிடையாது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் சொல்லலாம். அதனால் அதை வீணாக்கமாட்டீர்கள். எத்தனையோ கோடைகளில் அவன் அதைப் பொய்யாகச் சொன்னதாக என் ஸ்கோர் நோட்டில் ஒரு குறிப்புகூட இல்லை, கண்ணா. நேற்று மூன்று நோட்டையும் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீங்கள் அங்கே கத்திக்கொண்டிருந்தபோது நான் வேலியைச் சுற்றிப் போய் அந்தப் பந்தை எடுத்துவிட்டேன். எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் புதர்களில் உங்கள் பந்தைத் தேடி எடுத்த கால்கள் தானாகப் போய்விட்டன. கைப்பையில் போட்டு இங்கே கொண்டுவந்து, சமையலறை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன்.

துளை இல்லாத மூடிய பாதியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். தார் ரோட்டில் உரசினால் அப்படி வராது. ஒரே ஆழம், ஒரே இடைவெளி, வலது ஓரத்தில் கொஞ்சம் சாய்வு. ஏழாம் வகுப்பில் என் காய்கறிக் கத்தியை எடுத்துப்போய் கராஜில் நீங்கள் இரண்டு பேரும் பந்து கீறியபோது உன் கீறல் இப்படித்தான் சாயும். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அவனுக்கும் தெரியும். பந்தைக் கையில் வாங்காமலே, அது விழுந்த விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். உன் பந்தை உலகத்தில் அவனைப்போல அறிந்தவன் யாரும் இல்லை.

பந்து இன்னும் அதிகமாக வளைய அதைக் கீறுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. கீறிய பந்தை ஒத்துக்கொள்கிற லீக்குகள் உண்டு. பென்சில்வேனியாவில் லஃபயெட் கல்லூரியின் ஜென் ரோஸ்மன் என்ற பேராசிரியர் இந்தப் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்ததைப் பற்றி அப்பாவுக்கு நீதான் வாசித்துக் காட்டினாய். துளைக்குள் புகுந்து சுழலும் காற்று ஒரு பக்கம் தள்ள, வெளியே ஓடும் காற்று இன்னொரு பக்கம் தள்ள, இரண்டுக்கும் நடக்கும் போட்டியில்தான் பந்து வளைகிறது என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய்! கொல்லையில் கீறலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தீர்கள், கீறினீர்கள். உங்கள் லீக்கில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பந்து, கத்தி படக் கூடாது. அந்த விதியை எழுதிய கைகளில் உன் கையும் ஒன்று. என்னிடம் பெருமையாகச் சொன்னாயே.

இங்கே பிரிட்ஜ்போர்ட் அவென்யூவில் அந்தப் பந்துத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். சின்னக் கட்டடம். இந்தச் செப்டம்பருக்குப் பிறகு அதைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கதை மனதில் ஓடுகிறது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இன்னொரு தடவை கேள். 1953. ஃபேர்ஃபீல்ட், நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். டேவிட் முல்லனி என்ற ஒரு அப்பா. அவருடைய தொழில் நொடித்துப்போயிருந்த சமயம். அவருடைய பன்னிரண்டு வயதுப் பையன் பின்வாசலில் ஒரே ஒரு சிநேகிதனோடு ஆடுகிறான். இரண்டு அணிக்கு ஆள் இல்லை, பெரிய மைதானம் இல்லை, பேஸ்பாலால் ஆடினால் ஜன்னல் உடைகிறது. அதனால் துளை போட்ட பிளாஸ்டிக் கோல்ஃப் பந்தையும் துடைப்பக் கட்டையையும் வைத்து ஆடினார்கள். அதை வளைத்து வளைத்து எறிந்து பையனுக்குத் தோள் வலி. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வாசனைத் திரவியம் அடைத்து விற்கும் உருண்டைப் பிளாஸ்டிக்கை வாங்கிவந்து, பிளேடால் விதவிதமாகத் துளை போட்டுப் பையனிடம் கொடுத்துப் பார்த்தார். ஒரு பாதியில் மட்டும் எட்டு நீளத் துளை போட்டது சரியாக வளைந்தது. மட்டையில் படாமல் போவதைப் பையன்கள் 'விஃப்' என்பார்கள், அதுவே 'விஃபிள் பால்' என்று பேராகிவிட்டது. இன்றைக்கும் அவருடைய பேரன்கள்தான் அந்தத் தொழிற்சாலையை நடத்துகிறார்கள்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது. ஆள் போதாமல் பிறந்த ஆட்டம் இது. விதியிலேயே எழுதியிருக்கிறது, குறைந்தது இரண்டு பேர் இருந்தால் ஆடலாம், ஒருவன் எறிய, ஒருவன் அடிக்க. ஓடக்கூட ஆள் வேண்டாம், அடித்த பந்து எந்தக் கோட்டைத் தாண்டியது என்று பார்த்து, இல்லாத ஆளை, ஓடிச் சேரும் இடமான பேஸில் நிறுத்திக்கொள்ளலாம். மற்ற யாரை வேண்டுமானாலும் விட்டுவிடலாம். எதிரே நிற்கிற அந்த ஒருவனை விட முடியாது. அந்த ஒருவனைத்தான் நீ ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பப் பார்க்கிறாய்.

மாமா கதையைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஞாயிறுதோறும் பெட் மேட்ச். டென்னிஸ் பந்து, வாய்க்கால் கரையில் பொட்டல், தலைக்கு ஒரு ரூபாய். ஒரு நாள் ரன் அவுட்டில் தகராறு. இனிமேல் கீழத்தெருக்காரனோடு ஆட்டமே இல்லை என்று மாமா சத்தியம் பண்ணிவிட்டார். அவருடைய ஆட்களும் கை தட்டினார்கள். அடுத்த ஞாயிறு தன் அணியையே இரண்டாகப் பிரித்து ஆடினார். அதற்கடுத்த ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு அந்தப் பொட்டலில் ஆடு மேய்ந்தது. மாமா வீட்டுத் திண்ணையில் பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாமா போகவில்லை, கீழத்தெருக்காரர்களும் வரவில்லை. அந்த வருஷத்தோடு அது முடிந்தே போயிற்று. இப்போது ஊருக்குப் போனால் அவர் அந்தக் கீழத்தெரு கேப்டனைப் பற்றித்தான் பேசுகிறார். தன் அணிக்காரர்களில் பாதிப் பேரின் பெயர் அவருக்கு மறந்துவிட்டது.

நீங்கள் இரண்டு பேரும் இதைவிடப் பெரிய சண்டையைத் தாண்டி வந்தவர்கள். 2004 அக்டோபர். நம் வீட்டில் நியூயார்க் பேஸ்பால் அணியான யாங்கீஸ் தொப்பி, எதிர்வீட்டில் பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸ் தொப்பி. கனெக்டிகட்டில் ஒரே தெருவில் இரண்டும் இருப்பது அதிசயமில்லை, இந்த மாநிலமே இரண்டுக்கும் நடுவில்தானே கிடக்கிறது. இரண்டு அணியும் மோதிய ஏழு ஆட்டத் தொடரில் யாங்கீஸ் முதல் மூன்று ஆட்டம் ஜெயித்தபோது நீ அவன் வீட்டு வாசலில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டுவிட்டு வந்தாய். அதற்கப்புறம் ரெட் சாக்ஸ் வரிசையாக நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தது. பேஸ்பாலில் அதற்கு முன் யாரும் அப்படி மீண்டு வந்ததில்லை. நீ போர்வைக்குள் படுத்து அழுதாய், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாய். காலையில் கதவைத் திறந்தால் அவன் படியில் உட்கார்ந்திருக்கிறான். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தான். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. மஞ்சள் மட்டையை உன் கையில் கொடுத்து, இன்றைக்கு நீ முதலில் அடி என்றான். உனக்குப் பத்து வயது. பத்து வயதுப் பையன் அப்படிச் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரமே ரெட் சாக்ஸ் 1918-க்குப் பிறகு முதல் முறையாக பேஸ்பாலின் பெரிய கோப்பையான வேர்ல்ட் சீரிஸையும் ஜெயித்தது. அதற்கும் அவன் நம் வாசலில் கோடு போடவில்லை.

ஆன் ஆர்பரில் வேலை காலி இருக்கிறது வா என்று அவனைக் கூப்பிட்டவனும் நீதான். பக்கத்திலேயே ப்ரைட்டனில் பள்ளிக்கூடப் பையன்கள் 2009-இல் ஆரம்பித்த லீக்கை இன்று ஊர் உலகமே வீடியோவில் பார்க்கிறது, நாமும் ஒன்று ஆரம்பிக்கலாம் என்று ஆசை காட்டினாய். இரண்டு வருஷம் ஒரே அணியில் ஆடினீர்கள். அவன் தனி அணி கட்டிப் போனபோது உனக்கு வலித்தது எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பார். உன் அணியில் இருந்தவரை அவன் உன் பந்தை அடிக்க முடியாது. சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பிடித்தது உன் பந்தை அடிப்பதுதான். நீ அவனைத் தோற்கடிக்கத்தானே ராத்திரி பன்னிரண்டு மணிவரை பலகைக்கு எறிந்து பழகுகிறாய்? மற்ற மூன்று அணிகளுக்காக நீ ஒரு மணி நேரம் தூக்கம் விட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அந்தக் கத்தியை ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அவனிடம் தோற்க உனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் மனசு வலிக்கிறது, ராசா. செய்தது நீ, நீக்கப்படுவது அவனா? அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

அப்பாவிடம் நான் பந்தைக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் செய்தித்தாள் சுற்றி வைத்திருக்கிறேன். கேப்டன்கள் கூட்டத்துக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போ. தனியாகப் போ. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித்தரத் தேவையில்லை, பந்தை அவன் கையில் கொடுத்தாலே போதும். அப்புறம் கூட்டத்தில் கேப்டன்களிடம் நடந்ததை நீயே சொல்லிவிடு. கோப்பையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடு. கடைசி இன்னிங்ஸைத் திரும்ப ஆடச் சொன்னால் ஆடு. நம் கொல்லைச் சட்டப்படி அவன் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான், நீ அந்தப் பந்தைத் திரும்ப எறிய வேண்டியது பாக்கி இருக்கிறது.

பார்சலில் இரண்டு பொட்டலம் முறுக்கு இருக்கிறது. காரம் குறைவானது அவனுக்கு. மாற்றிவிடாதே.

ஏப்ரல் கடைசியில் வர டிக்கெட் எடுத்துவிட்டேன். புது ஸ்கோர் நோட்டும் வாங்கியாயிற்று. நேற்று உட்கார்ந்து ஐந்து அணிக்கும் பக்கம் பிரித்துக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா