தரங்கம்பாடி தலைநகராக இருந்த 15 ஆண்டுகள்

மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாநிலத் தொல்லியல் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் தரங்கம்பாடி வட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கோட்டைக்கு அழைத்துப் போய்க் கதை சொல்வது என் வழக்கம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இடம் கொடுத்தது, டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருப்பது, 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இங்கே கரை இறங்கியது, எல்லாம் சொல்வேன். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள் என்பதோடு முடித்துவிடுவேன். எங்கள் ஊரில் பலரும் அந்த இடத்தில்தான் முடிப்போம்.

அதற்கு அடுத்த 15 ஆண்டுகள் இந்த ஊர்தான் தஞ்சாவூர் மாவட்டம் முழுவதற்கும் தலைநகர் என்பது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தெரிந்த அன்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்த 15 ஆண்டுகளுக்காகத்தான் இந்த மடல்.

தஞ்சாவூர் மாவட்டத்துக்குத் தஞ்சாவூர் தலைநகராக இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1799இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஒப்பந்தப்படி நாட்டின் ஆட்சியை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். தஞ்சைக் கோட்டையும் அதை ஒட்டிய கொஞ்சம் இடமும் மட்டும் அவரிடம் இருந்தன. அதாவது மாவட்டம் கம்பெனியுடையது, அதற்குப் பெயர் கொடுத்த ஊரில் ராஜா. அதனால் கலெக்டர் நாகப்பட்டினத்தில் உட்கார்ந்தார். அது டச்சுக்காரர்களிடமிருந்து 1781இல் ஆங்கிலேயர் பிடித்த துறைமுகம்.

46 ஆண்டுகள் அப்படிப் போயின. 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடி கைமாறியது. கலெக்டர் அலுவலகமும் இங்கே வந்துவிட்டது. மதிலும் நகர வாயிலும் நேரான வீதிகளும் கடலைப் பார்த்த பெரிய வீடுகளுமாக, கட்டி முடித்த ஒரு நகரம் கையில் கிடைத்தது. இடம் மாற்ற அது போதுமான காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்றைச் சொன்னால் உடனே புரியும். இது காவிரியின் கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். நெல் விளையும் ஒரு மாவட்டத்தின் நிலவரிக் கணக்கு முழுவதும் கடைமடையில் இருந்த ஓர் ஊரிலிருந்து நடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்து மிராசுதார் ஒருவருக்குக் கலெக்டரிடம் நேரில் சொல்ல ஒரு வழக்கு இருந்தால், ரயில் இல்லாத அந்தக் காலத்தில் மாவட்டத்தையே குறுக்கே கடந்து கடற்கரைக்கு வரவேண்டும். அப்படி வந்தவர்கள் இந்த வீதிகளில்தான் காத்துக் கிடந்திருப்பார்கள். கணக்குப்பிள்ளைகள், மனு எழுதுகிறவர்கள், அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் என்று ஓர் ஊர்க்கூட்டமே இங்கே பிழைத்திருக்கும். கோட்டையைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசையே எடுத்துக்கொண்டது. தஞ்சாவூர் கைக்கு வந்தபின் கடற்கரையில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. 1860இல் தலைநகர் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த ஆண்டே ரயில் வந்தது, ஆனால் நாகப்பட்டினத்துக்கு. எங்கள் ஊருக்கு ரயில் வர 1926 வரை ஆயிற்று, 1986இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அலுவலகம் போன ஊருக்குப் பின்னால் மற்றதெல்லாம் எப்படிப் போகும் என்பதை இந்த ஊரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் நடந்தது எங்கள் தலைமுறை அறிந்தது. 1991இல் தஞ்சாவூர் மாவட்டத்தைப் பிரித்தபோது எங்களுக்கு நாகப்பட்டினம் மறுபடி தலைநகர் ஆனது. நடுவில் காரைக்கால் கிடந்தது. சொந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீசுக்குப் போக புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து, வெளியே வந்து, பிறகு நாகை சேர வேண்டும். அப்பாவோடு விடியற்காலையில் பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனபோது இங்கே எவ்வளவு மகிழ்ச்சி என்பதை நீங்களே அறிவீர்கள்.

செம்பனார்கோயிலில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் இடம் மாறவே இல்லை. தலைநகர் மட்டும் நாகை, தரங்கம்பாடி, தஞ்சாவூர், மறுபடி நாகை, இப்போது மயிலாடுதுறை என்று மாறியிருக்கிறது. இந்த வரிசை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். பெரிய செலவு எதையும் கேட்கவில்லை.

மன்னம்பந்தலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில், மனு கொடுக்க மக்கள் காத்திருக்கும் இடத்தில், இந்த நான்கு ஊர்மாற்றமும் ஆண்டோடு ஒரு பலகையில் இருக்கட்டும். தரங்கம்பாடி ராஜ வீதியில் 1845 முதல் 1860 வரை இது மாவட்டத் தலைநகர் என்று ஒரு கல் நடுங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடி, அந்த 15 ஆண்டுகளில் இங்கிருந்து எழுதப்பட்ட கடிதங்களில் கிடைப்பவற்றைப் படியெடுத்துக் கோட்டை அருங்காட்சியகத்தில் வையுங்கள். மூன்றில் இதுதான் எனக்கு முக்கியம். கல்லில் ஆண்டு மட்டும்தான் இருக்கும். கடிதங்களில் எங்கள் ஊர்களின் பெயர்கள், வாய்க்கால்கள், வறட்சி, மனு கொடுத்தவர்கள் எல்லாம் இருக்கக்கூடும்.

படியெடுக்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். எங்கள் பக்கத்து ஆசிரியர்களும் வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
தரங்கம்பாடி வட்டத்துக்காரன் ஒருவன்