கறுப்புத் திரையிலேயே தொடங்கட்டும்

அன்புள்ள மாப்ளைக்கு,

பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? இங்கே கும்பகோணத்தில் அரசலாறு ஓடத் தொடங்கிவிட்டது, குறுவை நடவும் ஆரம்பம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் சி மொழியில் புரோகிராம் எழுதப் படிக்கிறாள், லேபில் நீலத்திரை டர்போ சி தான் இருக்கிறது, வீட்டு லேப்டாப்பில் என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். ஜிசிசி போடச் சொல். 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட கம்பைலர், அதாவது நாம் எழுதும் புரோகிராமைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள். இலவசம், இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். டர்போ சியும் அதே 1987-ல் வந்ததுதான், ஆனால் அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தோடு நின்றுவிட்டது.

இந்த வித்தியாசம் சின்னதில்லை. முழு எண்ணை வைக்கும் இடத்துக்கு ‘இன்ட்’ என்று பெயர். டர்போ சியில் அது இரண்டு பைட், 32,767-க்கு மேல் கொள்ளாது. உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையக் கணக்கையே எடுத்துக்கொள். 40 கிலோ மூட்டை ஆயிரம் என்றால் 40,000 கிலோ. டர்போ சி அதை மைனஸ் 25,536 என்று காட்டும். ஜிசிசியில் ‘இன்ட்’ நான்கு பைட், 214 கோடி வரை தாங்கும். கணக்குச் சரியாக எழுதிய பிள்ளை விடை தப்பாக வருவதைப் பார்த்துத் தனக்கு மூளை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை.

லேபில் எழுதியதை அப்படியே கொண்டுவந்தால் முதல் நாளே, புரோகிராமின் தலையில் சேர்க்கும் ‘கோனியோ டாட் ஹெச்’ கோப்பு இல்லை என்று ஜிசிசி நின்றுவிடும். அந்த வரியையும், திரையைத் துடைக்கும் ‘கிளர்ஸ்கிர்’, கடைசியில் ஒரு விசை அமுக்கும்வரை காத்திருக்கும் ‘கெட்ச்’ இரண்டையும் எடுத்துவிட்டால் போதும். ‘வாய்ட் மெயின்’ என்பதையும் ‘இன்ட் மெயின்’ என்று மாற்றச் சொல்.

பட்டன் அமுக்கினால் ஓடும் மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம். டெர்மினல் என்கிற, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் ‘ஜிசிசி’ என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், பிழை இல்லாதபோது திரையில் ஒன்றுமே வராது. வேலை முடிந்தது என்று அர்த்தம். அதே ஃபோல்டரில் ‘ஏ டாட் அவுட்’ என்று ஒரு கோப்பு உருவாகியிருக்கும். முன்னால் டாட் ஸ்லாஷ் (./) போட்டு அதை ஓட்ட வேண்டும். அவள் எழுதியது வேறு, கணினி ஓட்டுவது வேறு, நடுவில் ஒரு மொழிமாற்றம் நடக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். பட்டன் அதை மறைத்துவிடும்.

பிழைச் செய்தி இருபது வரி வந்தால் பயந்துவிடுவாள். முதல் பிழையை மட்டும் படிக்கச் சொல். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலே பின்னால் பத்துப் பிழை கிளம்பும், முதலாவதைத் திருத்தியதும் பாதி காணாமல் போகும். காட்டும் வரியில் தவறு தெரியாவிட்டால் அதற்கு மேல் வரியைப் பார்க்க வேண்டும். அப்புறம், கட்டளையோடு ‘மைனஸ் டபிள்யூ ஆல்’ (-Wall) சேர்ப்பதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளட்டும். ‘இஃப்’ உள்ளே இரண்டு சமக்குறிக்குப் பதில் ஒன்று போட்டாலும் எச்சரித்துவிடும். இதை மட்டும் அவள் மறக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி வருகிறேன், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டு போட்டுத் தருகிறேன். அதற்குள் லேப்டாப்பில் உள்ள போட்டோக்களையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்