லங்காஸ்டர் அண்டை அயலாருக்கு எங்கள் நன்றி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் கவுண்டி என்ற மாவட்டத்தில், ஆமிஷ் பண்ணைகளை ஒட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் நாங்கள். ஆமிஷ் என்போர் நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறித்தவப் பிரிவினர். இங்கே வாழும் முறையைச் சொல்லித்தந்த எல்லோருக்கும் இந்த மடல். ஆமிஷ் மக்களில் யாருடைய பெயரையும் நாங்கள் இதில் எழுதவில்லை. தனியொருவரைப் புகழ்வது தற்பெருமைக்கு இடம் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. படம் எதுவும் சேர்க்காததும் அதனால்தான்.

முதல் நன்றி, சாலைப் பாடம் சொன்ன வண்டிக்காரப் பெரியவர்களுக்கு. குதிரை வண்டி மணிக்கு 5 முதல் 8 மைல்தான் போகும். 55 மைல் வேகத்தில் வரும் கார், 500 அடி முன்னால் போகும் வண்டியை ஏறக்குறைய 7 விநாடியில் எட்டிவிடும். மேடேறி இறங்கும் சாலையில் அந்த 500 அடிகூடக் கண்ணுக்குக் கிடைக்காது. எனவே வண்டியின் பின்புறம் மாட்டியிருக்கும் செம்மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்த உடனே பிரேக்கில் கால் வைக்க வேண்டும். ஹாரன் அடிக்கவே கூடாது, குதிரை மிரளும். நிறுத்தக் குறியில் வண்டிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு நிற்க வேண்டும். நின்ற வண்டி சில அடி பின்னோக்கி உருளலாம். முந்துவதற்கு முன் அது இடப்பக்கம் திரும்பப் போகிறதா என்று பாருங்கள். முந்திய பிறகு குதிரையின் மூக்குக்கு முன்னால் வெடுக்கென்று நுழையாதீர்கள். அந்த மெல்லிய கூண்டு கார் மோதினால் தாங்காது. உள்ளே பெரும்பாலும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள்.

டவுன்ஷிப் என்ற உள்ளாட்சி அமைப்பின் சாலைப் பணியாளர்களையும் மறக்க முடியாது. வழுக்காமல் இருக்கக் குதிரை லாடத்தில் பதிக்கும் கடின உலோகம் தாரைத் தேய்த்துப் பள்ளமாக்குகிறது. அதில் நீர் தேங்கி உறைந்தால் ஆபத்து. பள்ளங்களைத் தூர்த்துக்கொண்டே இருப்பவர்கள் இவர்கள்.

ஆமிஷ் மக்கள் கார் வைத்துக்கொள்வதில்லை, ஆனால் பிறர் ஓட்டும் காரில் ஏறுவார்கள். அவர்களுக்காகப் பல காலம் கார் ஓட்டிய அண்ணன்மார் எங்களுக்குச் சொன்னது: மைலுக்கு எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு என்று புறப்படும் முன்பே பேசிவிடு, எத்தனை இடம் போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொள். தொலைபேசி பலருக்கு வீட்டுக்குள் இராது, வயலோரச் சிற்றறையில் இருக்கும். அழைத்தால் உன் பெயரையும் எண்ணையும் குரல்பதிவில் நிதானமாகச் சொல். அவசரம் என்றால் நேரில் போ.

இதே கவுண்டியின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1989-இல் தொடங்கிய கிளினிக் ஃபார் ஸ்பெஷல் சில்ட்ரன் என்ற குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்களுக்குத் தனி வணக்கம். இங்குள்ள ஆமிஷ் குழந்தைகள் சிலருக்குப் பிறவியிலேயே குளுட்டாரிக் அசிடூரியா வகை 1 என்ற குறைபாடு உண்டு; புரதத்தின் சில பகுதிகளை அவர்கள் உடலால் சரியாகச் சிதைக்க முடியாது. சாதாரணக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால்கூடச் சில மணி நேரத்தில் மூளை பாதிக்கப்படலாம்; பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் விடியட்டும் என்று சொல்லாமல் கார் சாவியை எடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு அதனால்தான் புரிந்தது.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு, ஏறக்குறைய 3 மணி நேரம். அந்தக் காலையில் பக்கத்து வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது. ஞாயிறு அன்று முட்டை, காய்கறி கேட்டுப் போவதும் தவறு. அறுவடை முடிந்து அக்டோபர் கடைசியிலிருந்து செவ்வாய், வியாழன்களில் திருமணங்கள் நடக்கும். அன்று வழியெங்கும் வண்டிகள். இவற்றைப் பொறுமையாகச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாக்களுக்கு நன்றி.

தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தாருக்கு எங்கள் கடன் பெரியது. ஆமிஷ் ஆண்கள் பலர் அவற்றில் உறுப்பினர்கள். தீயணைப்பு வண்டியை அவர்கள் ஓட்டுவதில்லை. ஏறிப்போய்த் தீயை அணைப்பார்கள். எரிவது யார் வீடு என்று பார்ப்பதில்லை. இந்த நிலையங்களுக்குப் பணம் சேர்க்கத்தான் பனி உருகிச் சேறாகும் மாதங்களில் மட் சேல் என்ற ஏலங்கள் நடக்கின்றன. துணித்துண்டுகளைக் கையால் தைத்துச் சேர்த்த குவில்ட் போர்வை, குதிரை, வண்டி, கலப்பை எல்லாம் ஏலத்துக்கு வரும். கோர்டன்வில் ஊரின் ஏலம் மார்ச்சில். ரப்பர் பூட்ஸ் போட்டு, காலையிலேயே வந்து, தாராளமாக ஏலம் கேளுங்கள்.