ஆயரிடம் கேட்க வேண்டிய தேதிகள்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கத்தோலிக்கக் குருக்கள் சிறார்மீது இழைத்த பாலியல் குற்றங்கள் பற்றி வெளிநாட்டிலிருந்து செய்தி வரும்போதெல்லாம் 'போப் வேதனை', 'போப் மன்னிப்பு கேட்டார்' என்ற தலைப்புகளே நம் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. குற்றம் செய்தவர் யார் என்பது ஒரு செய்தி. அது தெரிந்தபிறகு அவருடைய ஆயர் (அவரது மறைமாவட்டத்தின் தலைவரான பிஷப்) என்ன செய்தார் என்பது வேறொரு செய்தி. இந்த இரண்டாவது செய்தியை எழுதுவதில்தான் பிழைகள் அதிகம். திருச்சபைச் சட்டத்தையும் போக்சோ சட்டத்தையும் தொடர்ந்து வாசித்து வருபவர்கள் என்ற முறையில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

சிலி நாட்டு விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களைச் சீரழித்தவர் என்று 2011இல் வாடிகனே தண்டித்த குரு பெர்னாண்டோ காரதிமா. அவரிடம் வளர்ந்த குவான் பாரோஸ் அதை நேரில் கண்டும் மூடி மறைத்தார் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள், பாரோஸ் மறுத்தார். 2015இல் அவரை ஒசோர்னோ மறைமாவட்ட ஆயராக நியமித்தவர் போப் பிரான்சிஸ். 2018 ஜனவரி 18 அன்று இக்கிகே நகரில் நிருபர் கேட்டபோது, பாரோஸுக்கு எதிராக ஓர் ஆதாரம்கூட இல்லை, எல்லாம் அவதூறு என்று போப் பதில் சொன்னார். இரண்டே நாளில் பாஸ்டன் கர்தினால் ஷான் ஓ'மாலி, அந்தச் சொற்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும் வலியைத் தந்திருக்கின்றன என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். பிப்ரவரியில் ஏபி செய்தி நிறுவனம் அடுத்த செய்தியை வெளியிட்டது: பாதிக்கப்பட்ட ஒருவர் எழுதிய 8 பக்கக் கடிதம், போப்பிடம் சேர்ப்பிக்கச் சொல்லி 2015லேயே ஓ'மாலியின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. அதே மாதம் மால்டா பேராயர் சார்லஸ் சிக்லூனா பாரோஸ் விவகாரத்தை விசாரிக்கப் போனார். 64 பேரின் சாட்சியம், 2,300 பக்க அறிக்கை. ஏப்ரலில், நிலைமையைக் கணித்ததில் தாம் கடுமையாகத் தவறிவிட்டதாகப் போப் எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

இந்த வரிசையில் 'போப் மன்னிப்பு' என்பது கடைசிக் கண்ணி. அதை மட்டும் போட்டால், அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்திய கடிதமும் நிருபரின் கேள்வியும் மறைந்துபோகின்றன. ஊடகங்கள் திருச்சபையைத் தாக்குகின்றன என்று குறைப்படும் கத்தோலிக்க நண்பர்களும் இந்த வரிசையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

அந்த மே மாதம் ரோமுக்குப் போயிருந்த சிலி ஆயர்கள் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். இதை 'ஒட்டுமொத்த ஆயர்களும் ராஜினாமா' என்று எழுதினால் தவறு. ஆயர் கடிதம் கொடுத்தாலும் போப் ஏற்கும்வரை அவர்தான் ஆயர். ஜூன் 11 அன்று முதலில் ஏற்கப்பட்டவை மூன்று. அதில் ஒன்று பாரோஸுடையது.

இதே கவனம் மற்றச் சொற்களுக்கும் வேண்டும். 'பணி இடைநீக்கம்' என்றால் பூசை வைக்கவும் பங்கில் (ஒரு கோயிலைச் சார்ந்த ஊர் மக்களிடையே) பணி செய்யவும் தற்காலிகத் தடை. அவர் குருவாகவே இருக்கிறார், மறைமாவட்டம் அவருக்குச் சோறும் இடமும் தருகிறது. 'குருத்துவ நிலையிலிருந்து நீக்கம்' என்றால் வாடிகனின் அனுமதியின்றித் திரும்பி வரவே வழியில்லாத அளவுக்குக் கடுமையான தண்டனை. இரண்டையும் 'பதவி நீக்கம்' என்று எழுதும்போது, ஆயர் எடுத்தது மென்மையான நடவடிக்கையா கடுமையானதா என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது. 'பாதிரியார்' என்ற சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. கத்தோலிக்கரா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேவா என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. பேராயருக்கும் வாடிகனுக்கும் எந்த நிர்வாகத் தொடர்பும் கிடையாது. 'சில்மிஷம்', 'லீலை' என்ற சொற்களைத் தயவுசெய்து அடியோடு விட்டுவிடுங்கள். பத்து வயதுச் சிறுவனுக்கு நடந்த கொடுமையை 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதுவது அந்தச் சிறுவனையும் குற்றத்தில் பங்காளி ஆக்குகிறது.

எண்களுக்கு வருவோம். 2018 ஆகஸ்டில் வெளியான அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில நடுவர் குழு அறிக்கை 301 குருக்களைப் பற்றிப் பேசியது. அடையாளம் காணப்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அது 6 மறைமாவட்டங்களின் 70 ஆண்டுக் கணக்கு. காலத்தைச் சொல்லாவிட்டால் எல்லாம் நேற்று நடந்ததுபோலத் தெரியும். அதற்காக 'பழைய கதை' என்று தள்ளவும் முடியாது: ஆயர் இல்லங்களின் ரகசிய அலமாரிகளில் கோப்புகள் கிடந்த காலத்தில் வழக்குத் தொடரும் கெடு தாண்டிவிட்டது, குற்றம் சாட்ட முடிந்தது இரண்டு குருக்கள்மீது மட்டுமே. 2021 அக்டோபரில் வந்த பிரான்ஸ் அறிக்கையின் 2,16,000 பாதிக்கப்பட்டவர்கள் என்பது கருத்தாய்விலிருந்து கணித்த மதிப்பீடு. அதைப் புகார்களின் எண்ணிக்கை என்று எழுதக் கூடாது.

ஆஸ்திரேலியக் கர்தினால் ஜார்ஜ் பெல் விஷயத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பின. சிறார்மீது அவரே குற்றம் செய்தார் என்ற தீர்ப்பை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் ஒருமனதாக 2020 ஏப்ரல் 7 அன்று ரத்து செய்தார்கள். அடுத்த மாதம், நிறுவனங்களில் சிறார்மீது நடந்த பாலியல் குற்றங்களை விசாரித்த அந்நாட்டு அரச ஆணையத்தின் அறிக்கையில் அதுவரை மறைக்கப்பட்டிருந்த பகுதிகள் வெளியாயின. குருக்கள் சிறார்மீது குற்றம் செய்வதை 1973 வாக்கிலேயே பெல் அறிந்திருந்தார் என்று அதில் இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. விடுதலைத் தீர்ப்பை வைத்து இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஆணையத்தின் முடிவை வைத்து முதல் வழக்கில் அவரைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது.

திருச்சபை கொண்டுவந்த சட்டங்களைப் பற்றி எழுதும்போதும் மூலத்தைப் பாருங்கள். குருக்களின் குற்றங்கள் மூடி மறைக்கப்பட்டதைப் பாஸ்டன் குளோப் நாளிதழ் 2002 ஜனவரியில் அம்பலப்படுத்திய பிறகு, அதே ஜூனில் டல்லஸ் நகரில் அமெரிக்க ஆயர்கள் வகுத்த விதிகள் குருக்களையும் அவர்களுக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டர்களையும் கட்டுப்படுத்தின, ஆயர்களை விட்டுவிட்டன. மூடி மறைக்கும் ஆயரைப் பற்றிப் புகார் பெற்று விசாரிக்க உலகெங்கும் பொருந்தும் விரிவான நடைமுறை 2019 மே மாதம்தான் வந்தது. 'போலீசில் புகார் செய்வதைப் போப் கட்டாயமாக்கினார்' என்று எழுதினால் அது பிழை. குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரியிடம் தெரிவிப்பதை அந்த நடைமுறை கட்டாயமாக்கியது. காவல்துறையிடம் போவதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டது. 2019 டிசம்பரில் 'பாப்பிறை ரகசியம்' என்ற திருச்சபையின் ரகசியக் காப்பு விதி இவ்வழக்குகளில் நீக்கப்பட்டதும் இப்படித்தான்: ஆவணங்களை அரசு அதிகாரிகளிடம் கொடுக்கத் தடையில்லை என்று ஆனதே தவிர, எல்லோரும் படிக்கலாம் என்று ஆகவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. போக்சோ 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழிருப்பவரின் குற்றத்தை மறைத்தால் 21ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறை. ஆகவே ஆயரிடம் 'வருந்துகிறீர்களா?' என்று கேட்பதைவிடத் தேதிகளைக் கேளுங்கள். புகார் எந்தத் தேதியில் வந்தது, காவல் நிலையத்துக்கு எந்தத் தேதியில் சொன்னீர்கள், முதற்கட்ட விசாரணை ஆணை எந்தத் தேதியில் இடப்பட்டது, வாடிகனுக்கு எப்போது அனுப்பினீர்கள், அந்தக் குரு இன்று எங்கே தங்கியிருக்கிறார். 'விசாரணை நடக்கிறது' என்ற ஒற்றை வரியைப் பதிலாக வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

இது தொலைதூரத்துச் சமாச்சாரமும் அல்ல. ஊட்டி மறைமாவட்டக் குரு ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது செய்த குற்றத்தை 2015இல் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். ஊர் திரும்பியபின், 2016இல் ஊட்டி ஆயர் வாடிகனுடன் கலந்தாலோசித்து அவருடைய இடைநீக்கத்தை விலக்கினார். மேலே சொன்ன தேதிக் கேள்விகளை நம் மண்ணிலேயே கேட்க வேண்டியிருந்தது.

அவசரத்தில் உங்கள் கையாலேயே நடந்துவிடக்கூடிய தவறு ஒன்றும் உண்டு. போக்சோ 23ஆம் பிரிவு குழந்தையின் பெயரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளத்தைக் காட்டும் எதையும் மறைக்கச் சொல்கிறது. 'இன்ன ஊர்ப் பங்கில் 12 வயதுப் பீடச் சிறுவன்' (பூசையில் குருவுக்கு உதவும் சிறுவன்) என்று எழுதிப் பாருங்கள். ஒரு பங்கில் அந்த வயதில் பீடத்தில் நிற்பவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஞாயிறு பூசைக்கு வரும் அத்தனை பேருக்கும் யாரென்று தெரிந்துவிடும்.

பாஸ்டன் குளோப் அம்பலத்தை அடுத்து, பாஸ்டன் கர்தினால் பெர்னார்ட் லா 2002 டிசம்பர் 13 அன்று பதவி விலகினார். பலருக்கு அன்றோடு செய்தி முடிந்தது. 2004இல் ரோமின் புகழ்பெற்ற புனித மரியா பேராலயத்தின் தலைமைக் குருவாக நியமனம் பெற்றார். அதனால் செய்தி வெளியான நாளை நாட்குறிப்பில் எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து அதே ஆயர் இல்லத்துக்குத் தொலைபேசுங்கள். அந்தக் குரு இப்போது எந்த ஊரில், எந்தப் பணியில் இருக்கிறார் என்று கேட்டு, கிடைக்கும் பதிலை முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்கள்